பத்துக்கு மூன்று

அக்கா மகளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, மம்சாபுரம் வளைவில் வண்டியோடு விழுந்தேன். குடித்திருந்தேன். அவளுக்குத் தாடையில் இரண்டு தையல், எனக்கு முழங்கையில் ஏழு. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆறு வயதுப் பிள்ளை என் வண்டிச் சத்தம் கேட்டதுமே வீட்டுக்குள் ஓடியதைத்தான் தாங்க முடியவில்லை.

தையல் பிரிக்க ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நர்ஸ் அடுத்த அறையைக் காட்டி, "கவுன்சிலிங் மேடத்தையும் பாத்துட்டுப் போங்க தம்பி" என்றார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. திட்டு விழும் என்று பதில்களைத் தயார் செய்துகொண்டே நுழைந்தேன். மில்லில் ஷிப்ட், உடம்பு வலி, கூட்டாளிகள் விட மாட்டார்கள். எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன.

அந்த அம்மா திட்டவில்லை. வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "குறைக்கணும்னு எம்புட்டு தோணுது? பத்துக்கு எத்தனை போடுவீங்க?" என்றார்.

ஒன்று என்றால் விடமாட்டார், ஐந்து என்றால் அடிக்கடி வரச் சொல்வார் என்று யோசித்து, "மூணு" என்றேன்.

"மூணுதானா?" என்பார் என்று காத்திருந்தேன்.

"ஒண்ணுன்னு சொல்லலியே, ஏன்?" என்றார்.

எரிச்சல் வந்தது. இப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. "புள்ள வண்டில ஏற மாட்டேங்கா" என்றேன். சொன்ன பிறகுதான், நானே அந்த அம்மாவின் கட்சியில் நின்று பேசிக்கொண்டிருப்பது புரிந்தது.

"சரி, மொதல்ல எதச் செய்யலாம்னு நெனைக்கீங்க?"

"வண்டி ஓட்டுத அன்னிக்குக் குடிக்க மாட்டேன்."

அதை ஒரு சீட்டில் என்னையே எழுதச் சொன்னார். மொத்தமே பத்து நிமிடம்தான் இருக்கும்.

ஒரேயடியாகத் திருந்திவிடவில்லை. சனிக்கிழமைகளில் குடித்தேன். அன்று வண்டி மில்லிலேயே கிடக்கும், பஸ்ஸில் ஊர் திரும்புவேன். ஒரு முறை குடித்துவிட்டு வண்டியும் ஓட்டினேன். மறுவாரமே அந்த அம்மாவிடம் போய் அதையும் சொன்னேன். அதற்கும் அவர் திட்டவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். பிள்ளை ஓடவில்லை. கிட்டே வந்து, "மாமா, ஊது" என்றாள். ரோட்டில் போலீஸ்காரர் அப்படிக் கேட்பதைப் பார்த்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. குனிந்து ஊதினேன். மோந்து பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

இப்போதும் ஏறுவதற்கு முன்னால் கேட்கிறாள். ஊதிக் காட்டுகிறேன்.