கூனிப்பாறையின் பின்பக்கம்

இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை முடிகிற இடத்தில் கூனிப்பாறை நிற்கிறது. நடுவில் முதுகு புடைத்திருப்பதால் அந்தப் பெயர். அதன் உச்சிக்கு யாரும் போனதில்லை. போக வேண்டிய தேவையும் இருந்ததில்லை. விறகு அடிவாரத்திலேயே கிடைத்தது. நிஷாந்தி அந்தப் பாறைக்குக் கீழே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில்தான் பிறந்தாள். பதினெட்டு வயதிலிருந்து அதைச் சுற்றித்தான் கொழுந்து பறித்தாள். அவளும் அதை நிமிர்ந்து பார்த்தது, மழை வருகிறதா என்று அறியத்தான்.

டுபாய்க்குப் போன பிறகுதான், பாறை ஏறுவது என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரிந்தது. துப்புரவு வேலை கிடைத்த இடம், உயரமான செயற்கைச் சுவர்களில் ஆட்கள் கயிறு கட்டி ஏறிப் பழகும் ஒரு கூடம். அங்கே பயிற்சி கொடுத்த நேபாளக்காரர், காலையில் கூடம் திறக்கும் முன் வேலையாட்களையும் ஏறவிட்டார். மற்றவர்களுக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. நிஷாந்திக்கு அலுக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்து ஊர் வந்தபோது, அவள் பெட்டியில் போர்வைக்கும் பால்மாவுக்கும் நடுவே ஒரு நீளக் கயிறும், இடுப்பு வாரும், காலுக்கு இறுக்கமான ஒரு சோடி சப்பாத்தும் இருந்தன.

"இது என்னா, மாடு கட்டவா?" என்று கேட்டான் அவள் கணவன் யோகேஸ்வரன். தலவாக்கலையில் ஆட்டோ ஓட்டுகிறவன்.

"நான் மேல போவேன். நீங்க கீழ நின்னு இதப் புடிக்கணும்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான். பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தாலே தலை சுற்றுகிறவன் அவன். ஆனால் அந்தப் பயமே அவனை நல்ல ஆளாக்கியது. கயிற்றைக் கையில் எடுத்துவிட்டால் அவன் கண் அவளை விட்டு நகராது. போன் அடித்தாலும் எடுக்கமாட்டான்.

கண்டியிலிருந்து ஜூட்சன் வந்து சேர்ந்தான். கணிதம் கற்பிக்கிறவன், விடுமுறையில் பாறை ஏறுகிறவன். நேபாளக்காரர் மூலம் அவளுக்கு அறிமுகமானவன். நிஷாந்தி போனில் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, பாறையில் துளை போடும் இயந்திரத்தோடு ரயிலேறி வந்திருந்தான். இரும்பு வளையங்களைப் பாறையில் பதித்து, அவற்றில் கயிற்றை மாட்டிக்கொண்டே மேலே போக வேண்டும். கீழே விழுந்தால் தோட்டம் பொறுப்பில்லை என்று சொல்லி, தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை அனுமதி கொடுத்தார்.

பாறையின் முன்பக்கத்தில் அடியிலிருந்து உச்சிவரை ஒரு வெடிப்பு ஓடியது. கை நுழையும் அகலம். ஜூட்சன் அதைப் பார்த்த கணமே, "இலங்கையில இப்படி ஒன்னு நான் பாத்ததில்ல," என்றான். ஒரு சனிக்கிழமை, மறுபடி சேர்ந்திருந்த கொழுந்து வேலைக்கு லீவு போட்டுவிட்டு நிஷாந்தி அதில் ஏறினாள். கீழே நாலாம் நம்பர் மலையில் பெண்கள் கொழுந்து பறித்தபடி வேடிக்கை பார்த்தார்கள். கை வைத்த இடமெல்லாம் பிடி கிடைத்தது. பாதிக்கு மேல் வந்து, அடுத்த வளையம் பதிக்க, துளை இயந்திரத்தைக் கீழிருந்து இழுக்கும் கயிற்றைத் தொட்டபோது நிமிர்ந்து பார்த்தாள். பாறையின் கூன் புடைப்புக்கு அடியில், கறுப்பாக, அவள் முதுகு அகலத்துக்குக் கூடுகள் தொங்கின. தோட்டத்தில் எல்லோரும் குளவி என்று சொல்லும் பெரிய மலைத்தேனீக்கள்.

போன வருடம் பக்கத்துப் பிரிவில் நாகலெட்சுமி என்ற பெண் குளவி கொட்டிச் செத்துப்போனாள். நிஷாந்தி அந்தச் சாவுக்குப் போயிருந்தாள்.

சத்தம் போடாமல், கையை மட்டும் அசைத்து, இறக்கச் சொன்னாள். கீழே வந்ததும், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அவள் லயத்து ராக்காயி கேட்டாள்: "என்னாடி, பாதியில எறங்கிட்ட?"

"மேல கூடு இருக்குக்கா. பெருசு."

 ராக்காயி கொழுந்துப் படங்குச் சாக்கை எடுத்துக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள். வேலையை மேற்பார்க்கும் கங்காணியும் தடுக்கவில்லை.

ஜூட்சனுக்கு மனம் ஆறவில்லை. "குளவி எப்பவும் இருக்காது. அது கெளம்பிப் போற மாசம் பாத்து வருவோமே."

"நாம பாத்து வருவோம் சார். வழி போட்டுட்டா நாளைக்கி வேற யாராச்சும் வருவாங்க. அவங்க மாசம் பாப்பாங்களா? கீழ இருக்குறது எங்க ஆளுங்க."

 ஜூட்சன் கயிற்றைச் சுருட்டினான். நிஷாந்திக்கும் உள்ளுக்குள் வலித்தது. அப்படி ஒரு வழி இனி அமையாது என்று அவளுக்கும் தெரியும்.

பின்பக்கம் காட்டைப் பார்த்தது. அங்கே கூடு இல்லை. ஆனால் வெயிலும் இல்லை. பாறை முழுக்கப் பாசி. ஞாயிற்றுக்கிழமைகளில், பதித்த வளையங்களில் கயிறு கட்டித் தொங்கியபடி நிஷாந்தியும் ஜூட்சனும், அடியில் நின்றபடி யோகேஸ்வரனும் கம்பித் தூரிகையால் தேய்த்தார்கள். அட்டை கடித்தது. மழை வந்தால் போன வாரம் தேய்த்ததிலும் மண் வழிந்தது. "லயத்துக் கக்கூஸக் கூட நான் இப்படித் தேச்சதில்ல," என்றான் யோகேஸ்வரன். ஆனால் ஒரு ஞாயிறும் அவன் வராமல் இருந்ததில்லை.

தை மாதம் பாறை காய்ந்தது. ஒரு ஞாயிறு உச்சிக்குச் சற்றுக் கீழே நிஷாந்தி பிடித்த கல் கையோடு பெயர்ந்து வந்தது. அவள் விழுந்தாள். அவளைவிட எடை குறைந்த யோகேஸ்வரனைக் கயிறு தரையிலிருந்து தூக்கிப் பாறையில் மோதியது. நெற்றி கிழிந்தது. ஜூட்சன் ஓடிப்போய் அவன் காலைப் பிடித்து இழுத்தான். அவ்வளவு நடந்தும் கயிற்றை அவன் விடவில்லை.

"என்னங்க! என்ன ஆச்சு?" மேலே தொங்கியபடி அவள் கத்தினாள்.

"ஒன்னுமில்ல. நீ கீழ பாக்காத."

"ரத்தம் வருதே! எறக்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"இன்னும் கொஞ்சந்தான இருக்கு? முடிச்சிட்டு வா, சேந்து போவோம்."

அவள் அழுதாள். அழுகை நிற்கும்வரை காத்திருந்துவிட்டு, வேறு பிடி தேடி ஏறினாள். உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கட்டைப் புல்லும் ஒரு காட்டுப்பூச் செடியும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. தலவாக்கலை நீர்த்தேக்கமும், ரயில் பாதையும், அவள் பறித்த மலைகளும் ஒரே பார்வையில் கிடந்தன.  சந்தோஷம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

யோகேஸ்வரனுக்கு மூன்று தையல். ஆஸ்பத்திரி வாசலில் ஜூட்சன், முதலில் ஏறியவர்தான் வழிக்குப் பெயர் வைக்க வேண்டும் என்றான்.

"யோகேஸ் தொங்கினது," என்றாள் நிஷாந்தி.

"ஏய்! ஊர் சிரிக்கும் புள்ள."

"சிரிக்கட்டும்."

அந்தப் பெயரே நிலைத்தது. இப்போது கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் மாதம் ஒரு கூட்டமாவது வருகிறது. நிஷாந்தி கூட்டிப்போகிறாள், மற்ற நாட்களில் கொழுந்துதான். முன்பக்கத்தைக் கேட்கிறவர்களுக்கு முடியாது என்கிறாள். சிலர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

உச்சிக்குப் போய் வந்த மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்றபோது ராக்காயி அவளைக் கேட்டாள்: "அம்புட்டு ஒசரம் ஏறி என்னாத்த கண்ட?"

"நம்ம லயம் முழுசும் தெரிஞ்சிச்சிக்கா. ஒங்க வீட்டுக் கூரைத் தகரம் பின்னால தூக்கிக்கிட்டு நிக்கிது."

"அதான் மூலையில ஒழுகுதா! நானும் சொவருன்னுல்ல நெனச்சேன்," என்றாள் ராக்காயி.