நித்யா மேரியின் மூன்றாவது பிரதி

வீட்டு முன்பக்கத்து செல்போன் ரிப்பேர் கடையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டபோது நித்யா மேரி அடுப்படியில் ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள். முதலில் கண்ணாடி நொறுங்கியது. பிறகு இரும்பு இரும்பில் மோதியது. அவசரமே இல்லாமல், ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, யாரோ எதையோ அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கரண்டியும் கையுமாக ஓடிவந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய கம்ப்யூட்டர் தரையில் வயிறு பிளந்து கிடந்தது. அதன்மேல் குனிந்து நின்ற மனிதனின் கையில் அவள் அப்பா லூர்துநாதனின் பெரிய ஸ்பேனர். விசைப்படகு மெக்கானிக்காக உழைத்து ஓய்ந்துபோன அந்த மனிதர் மகளுக்கு விட்டுச்சென்ற ஒரே சொத்து. கடற்காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள்.

“வந்தியா,” என்றான் அவன், நிமிராமலே. “ஊரான் வூட்டுப் பொண்டாட்டிக்கெல்லாம் போன் ரெடி பண்ணிக் குடுக்கற மகாராணி நீதானா?”

“நீங்க யாரு?”

“சந்திரலேகா புருஷன். கதிர்வேல். சிதம்பரத்துலேர்ந்து உன்னப் பாக்கத்தான் வர்றேன்.”

மத்தியான வெயிலில் கடலூர் முதுநகரின் அந்தத் தெரு ஆளரவமில்லாமல் கிடந்தது. நித்யாவின் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது.

சந்திரலேகாவை அவள் மறக்க முடியுமா? ஆறு மாதத்துக்கு முன்னால் கழுத்தில் நகக்கீறலோடு வந்து நின்றவள். “அக்கா, அவரு அடிக்கறப்ப பேசறதெல்லாம் பதிவாகணும். ஆனா போன எடுத்துப் பாத்தா அவருக்குத் தெரியக்கூடாது” என்று கேட்டவள். அதற்காகத்தான் நித்யா அந்தப் போனை ரூட் செய்து, கம்பெனி போட்ட பூட்டுகளைத் திறந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு ரெக்கார்டரை உள்ளே வைத்துக் கொடுத்தாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் போன் அடிக்கடி உறைந்துபோகிறது என்று சந்திரலேகா மறுபடி வந்தாள். பழைய மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்தபோதுதான் நித்யா எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தொரு பதிவுகள். அந்தப் பெண்ணுக்கு இந்த உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. இரண்டு முறை புகார் கொடுத்தாள், இரண்டு முறையும் மாமியார் வீடே திரண்டு வந்து இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தது. வரும் வெள்ளிக்கிழமை மூன்றாவது விசாரணை.

“போன உடச்சிட்டேன்,” என்றான் கதிர்வேல். “அம்மியில வச்சி. அவளயும்தான் அவ அம்மா வூட்டுல வச்சே நல்லா கவனிச்சேன். அப்பதான் வாயி தொறந்தா, கடலூர் அக்காகிட்ட பேக்கப் இருக்குதுன்னு. எங்க அது?”

“அதைத்தான் நீங்க இப்ப அடிச்சீங்களே. கம்ப்யூட்டர்ல இருந்துச்சு.”

அறை விழுந்தது. நித்யாவின் காதில் வண்டு ரீங்கரிப்பதுபோல ஒரு சத்தம் எழுந்து நின்றது. முடியைப் பிடித்து இழுத்து அவளை மேசையோரம் தள்ளினான்.

“ஒண்ணே ஒண்ணுதான் எடுப்பியா? என் காதுல பூ வெக்காத. இன்னொண்ணு எங்க?”

அவள் இழுப்பறையைத் திறந்தாள். சின்னச் சின்ன பிளாஸ்டிக் உறைகளில் மெமரி கார்டுகள். ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவில் பெயர். ‘சந்திரலேகா’ என்று எழுதியதை எடுக்கக் கையை நீட்டியபோது, அவன் காலால் இழுப்பறையை ஓங்கி மிதித்து மூடினான்.

மூன்று விரல்கள். மயிரிழை போன்ற கம்பிகளையும் கடுகு போன்ற திருகாணிகளையும் பதினோரு வருடமாகத் தொட்டு உயிர் கொடுத்த வலது கையின் மூன்று விரல்கள். உள்ளே எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

“சும்மாதான்,” என்றான் அவன். “ஏமாத்தினா என்னா ஆவும்னு உனக்குத் தெரியணும் இல்ல. இப்ப இத வேற ஒரு போன்ல போட்டுக் காட்டு. என் கண்ணால பாக்கணும்.”

இடது கையால் அவள் அலமாரியிலிருந்து அதே மாடல் பழைய போன் ஒன்றை எடுத்தாள். கார்டைச் செருகினாள். ரெஸ்டோர் என்பதை அழுத்தியதும் திரையில் ஒரு நீலக் கோடு புழுவைப்போல நகரத் தொடங்கியது.

“எவ்ளோ நேரம்?”

“எட்டு நிமிஷம்.”

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நித்யா சுவரில் சாய்ந்து, விரல்களை முந்தானையில் சுற்றிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நாற்பது. மூன்று மணிக்குப் பாக்கியமேரி வந்துவிடுவாள்.

அந்தப் பாக்கியமேரியைப் பற்றிச் சொல்லாமல் நித்யாவின் கதையைச் சொல்ல முடியாது.

கடை போட்ட இரண்டாம் வருடம். சிங்காரத்தோப்பில் கருவாடு விற்கும் பாக்கியமேரி ஒரு போனோடு வந்தாள். கடலுக்குப் போய்த் திரும்பாத அவள் புருஷன் அந்தோணிசாமியின் குரல் அதில் இருந்தது. கரையைத் தாண்டும்போது அனுப்பிய கடைசிச் செய்தி. ‘கஞ்சி குடிச்சியா புள்ள’ என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. போன் திறக்க மறுத்தது. நித்யா முறையாகப் பேக்கப் எடுத்தாள். ஆனால் அந்தப் பேக்கப்பை அதே போனுக்குள் வைத்தாள். பிறகு புது மென்பொருள் ஏற்றுவதற்காக மொத்தத்தையும் துடைத்தாள். வீட்டைக் கொளுத்தப் போகிறவள் நகையை அதே வீட்டுப் பெட்டிக்குள் பத்திரப்படுத்திய கதைதான். எல்லாம் போனது. போதாக்குறைக்கு இன்னொன்றும் அன்றுதான் அவளுக்கு உறைத்தது. அப்படி எடுக்கும் பேக்கப்பில் செயலிகளும் அமைப்புகளும்தான் வரும். குரலும் படமும் வராது, அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும்.

பாக்கியமேரி அன்று செருப்பைக் கழற்றி நித்யாவின் முகத்தில் அடித்தாள். உதடு கிழிந்தது. “ரெண்டாவது தடவ கொன்னுட்டியேடி அவர” என்று தரையில் விழுந்து மார்பில் அறைந்துகொண்டாள். ஒரு வருடம் அந்தத் தெருவுக்கே வரவில்லை. பிறகு ஒருநாள் தானாக வந்தாள். “எனக்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்கக் கூடாது. உன்ன நம்ப மாட்டேன். ஒண்ண எங்கிட்ட குடு, நான் வெச்சிருக்கறேன்.”

அன்றிலிருந்து நித்யாவின் வழக்கம் மூன்று பிரதி. குரல்களையும் படங்களையும் தனியாகப் பிரித்து எடுப்பாள். ஒன்று கம்ப்யூட்டரில். செயலிகளின் பேக்கப் மட்டும் இழுப்பறைக் கார்டில். குரல்களின் இன்னொரு பிரதி பாக்கியமேரியின் வீட்டு மாதா படத்துக்குக் கீழே, ஈரம் தாக்காமல் அரிசி போட்ட கண்ணாடி பாட்டிலில். தினமும் மூன்று மணிக்குக் கருவாட்டுக் கூடையோடு வந்து, “இன்னைக்கி என்னா இருக்குது, குடு” என்று கேட்டு வாங்கிப்போவாள்.

இன்றும் கேட்பாள். இவன் முன்னால் கேட்பாள்.

நீலக் கோடு முடிந்தது. போன் விழித்தது. திரையில் ஸ்ரீமுஷ்ணம் கோயில் வாசலில் எடுத்த படம். சந்திரலேகா, இடுப்பில் மொட்டை போட்ட குழந்தை, பக்கத்தில் சிரிக்கும் கதிர்வேல். அவன் அதை ஒரு கணம்தான் பார்த்தான். ரெக்கார்டரைத் திறந்தான்.

வரிசையாக நாற்பத்தொரு தேதிகள். அவன் விரல் கீழே இறங்க இறங்க முகம் கறுத்தது. பொங்கல் அன்று ஒன்று. குழந்தையின் பிறந்தநாளன்று இரண்டு. தன் கணக்கைத் தானே படித்த அவன், ஒன்றை அழுத்தினான். சத்தம் இல்லை. ‘கோப்பு இல்லை’ என்றது திரை. அடுத்தது. கோப்பு இல்லை. அதற்கும் அடுத்தது.

“எங்கடி?”

“பேக்கப்ல ரெக்கார்டிங் வராது. பேரு மட்டும்தான் வரும். குரல் போனுக்குள்ள இருந்துச்சு. அத நீங்க அம்மியில வெச்சி நசுக்கிட்டீங்க.”

அவன் அவளையே பார்த்தான். பிறகு தன் போனை எடுத்து யாரையோ அழைத்து ஸ்பீக்கரில் போட்டான். “செந்தமிழு, நீ போன் கடை வெச்சிருக்கறவன், சொல்லு. ரூட் போன பேக்கப் எடுத்தா ரெக்கார்டிங் வருமா?”

“வராது மாமா,” என்றது மறுமுனை. “அதெல்லாம் தனியா எடுத்தாத்தான். எவன் எடுப்பான், ஜாஸ்தி வேல.”

கதிர்வேல் சிரித்தான். ஸ்பேனரால் அந்தப் போனையும் கார்டையும் மேசையோடு சேர்த்து நசுக்கினான். போகிற போக்கில் நித்யாவின் வயிற்றில் ஓர் உதை. “இனிமே என் குடும்பத்து விஷயத்துல உன் பேரக் கேட்டேன், கையி மட்டும் போவாது.”

அவன் திரும்பவும் வாசலில் நிழல் விழவும் சரியாக இருந்தது. தலையில் கூடையோடு பாக்கியமேரி.

தரையில் சுருண்டு கிடந்த நித்யாவின் கண்கள் அவளைக் கெஞ்சின. பேசாதே அக்கா. கேட்காதே அக்கா.

பாக்கியமேரி உடைந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள். ரத்தம் ஊறிய முந்தானையைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தாள். பாறையில் உப்பு படிவதுபோல அவள் முகத்தில் ஏதோ இறுகியது.

“கருவாடு வேணுமா தம்பி?” என்றாள். “நெத்திலி இருக்குது.”

அவன் ஸ்பேனரை வீசிவிட்டுக் கூடையை ஓர் எத்து எத்தினான். நெத்திலி தெருவெல்லாம் சிதறியது. பைக் சீறிக்கொண்டு கிளம்பியது.

பாக்கியமேரி கருவாட்டைப் பொறுக்கவில்லை. உள்ளே வந்து நித்யாவின் தலையை மடியில் ஏந்தினாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அடித்த அதே கை.

“யாருதுடி?”

“சந்திரலேகா. மஞ்ச உறை. நீ கெளம்பு அக்கா. சிதம்பரத்துல அவ அம்மா வூட்டுல கெடக்கறா. அவள அழைச்சிக்கிட்டு நேரா மகளிர் ஸ்டேஷனுக்குப் போ. வெள்ளிக்கெழம வரைக்கும் தாங்காது. இன்னைக்கே குடு.”

“மொதல்ல உன்ன ஆஸ்பத்திரிக்கு…”

“விரலு ஒட்டிக்கும். அந்தக் குரல் போனா வராது. உனக்குத் தெரியாததா?”

பாக்கியமேரி தன் தலைத்துணியைக் கிழித்து அந்த மூன்று விரல்களையும் சேர்த்துக் கட்டினாள். ஸ்பேனரை எடுத்து நித்யாவின் பக்கத்தில் வைத்தாள்.

“சுப்புராயன் ஆட்டோவ அனுப்பறேன். அவன் பேரு சொல்லிக் கூப்பிட்டாத்தான் தொறக்கணும். என்னா?”

“சரிக்கா.”

“வூட்டுக்குப் போயி பாட்டில எடுத்துக்கிட்டு நாலு மணி பஸ்ஸப் புடிச்சிடுவேன்.” வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். “கஞ்சியாவது குடிச்சியா புள்ள?”

நித்யா தலையை ஆட்டினாள்.

சிதறிக் கிடந்த நெத்திலியைத் தாண்டி பாக்கியமேரி வேகமாக நடந்தாள். அவள் தெருமுனை திரும்பும்வரை சுவரைப் பிடித்து நின்ற நித்யா மேரி, இடது கையால் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.