கண் போனால் கார்டில் உண்டா?

என் வீட்டுக்காரருக்கு மில்லில் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் செய்து, ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கார்டு கொடுத்திருந்தார்கள். குடும்பத்துக்கும் அது செல்லும். அந்தக் கார்டைப் பற்றி அவர் பேசாத நாளில்லை. "தலைவலியில இருந்து பிரசவம் வரைக்கும் எல்லாம் இதுல உண்டு" என்பார். ஊரிலேயே அவருக்கு மட்டும் சாவு வராது என்பது போல ஒரு மிதப்பு. எனக்கு எரிச்சலாக வரும்.

எழுபதுகளில் ஓர் ஐப்பசி மழையில் என் இடது பக்க மேல் கோரைப்பல் வலிக்க ஆரம்பித்தது. கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். கன்னம் பொதபொதவென்று வீங்கியதுதான் மிச்சம். அப்போது நான் போடியில் ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கும் வேலை பார்த்தேன். பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி. கண் இருந்தால்தான் அங்கே கூலி. கூட இருந்த பெண்கள் என் கன்னத்தைப் பார்த்ததும், "பிடுங்க மட்டும் விட்டுறாத. மேப்பல்லப் பிடுங்குனா கண்ணு போயிரும்" என்றார்கள். எங்கள் பக்கத்தில் இதைச் சந்தேகப்பட்டவர் யாருமில்லை.

கார்டு செல்லும் ஆஸ்பத்திரி தேனியில் இருந்தது. பல் டாக்டர் வாரத்தில் ஒரு நாள் மதுரையிலிருந்து வந்து, மதிய பஸ்ஸில் திரும்பிவிடுவார். என் வாயைப் பார்த்துவிட்டு, "உள்ள சீழ் வச்சிருக்கு. இன்னைக்கே எடுத்தாகணும்" என்றார்.

"அடைச்சு வைக்க முடியாதா சார்?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"அந்தக் கட்டம் தாண்டிருச்சு. அடைக்கிறதும் இதுல கிடையாது. பிடுங்குறது உண்டு."

"பதிலுக்குப் பல்லு கட்டுவீகளா?"

"மில்லுல வேலை செய்யும்போது அடிபட்டுப் போனா, தொழிலாளிக்கு உண்டு. குடும்பத்துக்குக் கிடையாது."

அவர் முகம் தொங்கிப் போனது. அந்த வலியிலும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாம் உண்டு என்று சொன்ன வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்டார்.

"பிடுங்கி, இவளுக்குக் கண்ணு போச்சுன்னா?"

டாக்டர் சிரித்தார். "பல்லுக்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லப்பா."

"போச்சுன்னா சார். கார்டுல உண்டா?"

"வைத்தியம் உண்டு. நஷ்ட ஈடெல்லாம் குடும்பத்துக்குக் கிடையாது."

"அப்ப வேணாம்" என்று என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டார்.

வாசல் மரத்தடியில் நின்றோம். அவர் வீட்டுக்குப் போகவும் விடவில்லை, உள்ளே திரும்பவும் விடவில்லை. வீக்கம் மேலேறி இடது கண்ணை மூடிக்கொண்டே வந்தது. வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். எதிரே நின்ற அவரே கீற்றாகத்தான் தெரிந்தார். டாக்டர் கிளம்பும் நேரம் வேறு நெருங்கிவிட்டது.

"பிடுங்காமலேயே கண்ணு போகுதுங்க! இனி எதுக்குப் பயப்படணும்?" என்று கத்திவிட்டு நானே உள்ளே போனேன். டாக்டர் பையை மூடிக்கொண்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.

பல் வந்துவிட்டது. கண் திறக்கவில்லை. வீக்கம் வற்ற வேண்டும் என்று டாக்டர் மாத்திரை கொடுத்து அனுப்பினார். மறுநாளும் இமை ஒட்டிக்கொண்டே கிடந்தது. ஸ்டோரில் என் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்து நினைத்து அழுதேன். வீட்டுக்காரர் கார்டுப் பேச்சையே விட்டுவிட்டார்.

பிறகு ஒரு காலையில் விழித்தபோது கூரை ஓடு தெரிந்தது. வலது கண்ணைப் பொத்தினேன். அப்போதும் தெரிந்தது. அவரைக் கூப்பிடத் திரும்பினேன்.

தரையில் சம்மணம் போட்டு, துண்டால் தன் இடது கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முறத்தில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்கே போய் வாங்கினாரோ. பச்சையை ஒரு பக்கம், வெளுத்ததை ஒரு பக்கம் தடுமாறித் தடுமாறி ஒதுக்கினார். நான் புரளும் சத்தம் கேட்டுத் தலை நிமிராமலேயே சொன்னார்.

"ஒத்தக் கண்ணுலயும் பொறுக்க முடியுது புள்ள. கொஞ்சம் மெதுவாத்தான் வருது."