படித்துறையில் பச்சை விளக்கு

என் கணவர் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவர். ஆழ்துளைக் கிணறு தோண்டும்போது பாறை மாவாகி மேலே பறக்கும். அந்த வெள்ளைப் புழுதிக்குள் நின்றே வடநாட்டில் பல ஊர்களைப் பார்த்தார். ஒரேயடியாக மோகனூருக்குத் திரும்பியபோது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார்.

அஸ்தம்பட்டியில் நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். கல்தூசி நுரையீரலில் படிந்து இறுகிவிட்டதாம்.

"இனி இது சரியாகாதுங்க. இருக்கிற மூச்சைக் காப்பாத்திக்கிட்டுப் போகலாம்."

திரும்பும் வழியில் நாமக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "டீ குடிக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு நான் தையல் மிஷினிலும் அவர் கட்டிலிலுமாக நாட்கள் போயின. அவர் போனைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எங்கோ பனி நாட்டில் ஒரு ஏரி முழுக்க உறைந்து கிடந்தது. இருட்டில் ஒருவன் அதில் குழி போட்டு, பச்சை விளக்கு ஒன்றைத் தண்ணீருக்குள் இறக்கினான். சற்று நேரத்தில் மீன்கள் அதைச் சுற்றத் தொடங்கின.

"வலை வீச வேண்டாம், பரிசல் தள்ள வேண்டாம். சும்மா உக்காந்திருந்தாப் போதும், புள்ள."

சும்மா உட்கார்வது ஒன்றுதான் அவரால் முடிந்த வேலை. சரி என்றேன்.

எல்.இ.டி. பட்டையைச் சுருட்டிப் பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் வைத்தார். மிதக்காமல் இருக்கக் கூழாங்கல் போட்டார். மூடியில் ஒயர் நுழையும் ஓட்டையைப் பசையால் அடைத்தார். மொபெட்டின் பழைய பேட்டரியில் இணைத்ததும் எங்கள் சமையலறை பச்சையாகிவிட்டது. மூச்சு வாங்கும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்திச் செய்தாரே தவிர, என்னைத் தொடவிடவில்லை.

பொழுது சாய்ந்ததும் அவரை மொபெட்டில் பின்னால் உட்காரவைத்துக் காவேரிப் படித்துறைக்குக் கூட்டிப்போனேன். பேட்டரி என் காலடியில் இருந்தது. முதல் நாள் விளக்கைத் தண்ணீருக்குள் இறக்கியதும் பூச்சிகள்தான் வந்தன. அவை விழுந்து மிதக்க, அவற்றைத் தின்ன நகத்தளவு குஞ்சுகள் கூடின. பெரிய மீன் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. சில நாள் கழித்து, வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் இடத்தில் ஒரு கரிய முதுகு அசைந்தது.

"வந்துட்டான் பாரு," என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு ஜிலேபி மீன் அவர் போட்டிருந்த தூண்டிலில் மாட்டியது. உள்ளங்கை அகலம் இருக்கும். வீட்டில் அதை அவரே கழுவினார்.

எங்கள் வெளிச்சம் ஆற்றில் வெகுதூரம் தெரிந்திருக்க வேண்டும். மறுநாளே இரண்டு இளைஞர்கள் பரிசலில் வந்தார்கள். விளக்கைச் சுற்றி ஓசையில்லாமல் வலையை இறக்கி ஒரே இழுப்பாக இழுத்தார்கள். அவ்வளவு மீன் அங்கே கூடியிருந்தது எங்களுக்கே தெரியாது. இவர் கத்த வாயெடுத்தார், இருமல்தான் வந்தது.

"ஏனுங்க, இது நாங்க வச்ச விளக்குங்க," என்றேன் நான்.

அவர்களில் ஒருவன் சங்கடப்பட்டு, நான்கைந்து மீனைப் படியில் வைத்தான். "நாளைக்கும் போடுங்கண்ணா. உங்களுக்கும் பங்கு தாரோம்."

எனக்கு ஆத்திரம். அவருக்கோ முகம் மலர்ந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருவர் அவரை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார். மறுநாள் மத்தியானமே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டார். விளக்கை எவ்வளவு ஆழத்தில் இறக்கலாம் என்று பரிசல்காரர்களோடு பேசிப் பேசிப் பார்த்தார். நள்ளிரவில் எழுப்பி, "விளக்கு ரெண்டா இருந்தா இன்னும் வருமல்ல?" என்று கேட்டதும் உண்டு. நான் அந்தச் சில நாட்களில் டாக்டர் சொன்னதைக்கூட மறந்திருந்தேன்.

அப்புறம் மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள். காவேரி செம்மண் நிறத்தில் படிகளை மூடிக்கொண்டு ஓடியது. அதில் எந்த விளக்கை இறக்கினாலும் ஒரு சாண் ஆழம் தெரியாது. வெள்ளம் வடியும்வரை வீட்டிலேயே இருந்தோம். அந்த ஈரக் காற்றில் அவருக்குச் சளி கட்டி, படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினார்.

தண்ணீர் தெளிந்ததும் போக வேண்டும் என்று அடம்பிடித்தார். படித்துறையில் அவரை இறக்கிவிட்டு நிமிர்ந்தேன். மேற்கே, ஆற்றின் நடுவில், பெரிய வெள்ளை விளக்கு ஒன்று பரிசலில் தொங்கியது. அந்தப் பரிசல்காரர்களே வாங்கிவிட்டார்கள். எங்கள் பாட்டில் அந்த வெளிச்சத்துக்கு முன்னால் மின்மினி மாதிரி இருந்தது. அன்று குஞ்சுகள்கூட வரவில்லை.

பரிசல் எங்களைத் தாண்டிப் போனபோது, "நல்லாருக்கீங்களாண்ணா?" என்று கேட்டார்கள்.

"இருக்கேன் சாமி," என்றார்.

அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவர்களுக்கும் பிழைப்பு.

"போலாமுங்களா?" என்றேன்.

"போலாம். இனி வர வேண்டாம், கண்ணு. உனக்குத்தான் சிரமம்."

படியேறுவதற்குள் பலமுறை உட்கார்ந்தார். மொபெட் வரை நான்தான் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு லேசாகிவிட்டிருந்தார்.

இப்போது கட்டில் பக்கத்தில் ஆக்ஸிஜன் மிஷின் ஓடுகிறது. கரண்ட் போனால் சிலிண்டருக்கு மாற்ற நான் கற்றுக்கொண்டேன். குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருக்கிறார். போன் கையருகிலேயே கிடக்கிறது, எடுப்பதில்லை. ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று நானாகச் சொன்னால், சரி என்பதுபோலக் கண்ணை மூடித் திறக்கிறார்.