ஏழாம் பக்கம்

எங்கள் தூதரகத்தில் அவருக்குப் 'பார்ப்போம்' என்று பெயர் வைத்திருந்தோம். லீவு கேட்டாலும் பார்ப்போம் என்பார், இன்றைக்கு மழை வருமா என்று கேட்டாலும் பார்ப்போம் என்பார். முதல் செயலாளராக இருந்தவரை முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட முடியாது. ஆனாலும் அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். எனக்கும் ஒரு பெயர் இருந்தது: பூட்டு. ஆவண அறையின் சாவி பதினெட்டு வருடம் என்னிடம் இருந்தது. வரும் கோப்புகளில் பக்க எண் போடுவதும், யார் எடுத்தார்கள், எப்போது திருப்பித் தந்தார்கள் என்று பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதும் என் வேலை.

அவரைப் பற்றி இப்போது ஆளுக்கொன்று பேசுகிறார்கள். தியாகி என்கிறவர்களும் இருக்கிறார்கள், துரோகி என்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கூட்டத்தாரும் அவரோடு ஒரு நாள் வேலை பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அவர்மேல் கோபமும் உண்டு, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

குழந்தைக்கு ஊட்டுவதற்கு முன் மீனில் முள் எடுப்பதுபோல் கடிதத்தில் முள் எடுப்பார். ஒருமுறை எங்கள் நாட்டுப் படகு ஒன்றை நாங்கள் இருந்த நாட்டுக்காரர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். தூதர் கொதித்துப்போய் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். இவர் அரை நாள் உட்கார்ந்து அதை ஒரு பக்கமாக்கினார். 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்பது 'மிகுந்த கவலையுடன் கவனிக்கிறோம்' என்று ஆயிற்று. ஒரே வாரத்தில் படகும் ஆட்களும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கைத்திறனை நான் கிண்டல் செய்ய மாட்டேன், ஒன்பது குடும்பம் அதனால் பிழைத்தது. வீட்டிலும் அப்படித்தான். "கல்யாணமாகி இருபது வருஷம் ஆச்சு, என் சமையல் நல்லாருக்கா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் இவர் வாயில வரலை" என்று அவர் மனைவி என்னிடமே சிரித்துக்கொண்டு சொன்னார்.

பிறகுதான் அந்த நாட்டில் ஒரு சுரங்கப்பாதை வேலை வந்தது. எங்கள் நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள் இரவு ஷிப்ட் முடித்து, தகரக் கூரை போட்ட ஒரு கூடத்தில் பகலில் தூங்குவார்கள். பக்கத்து அறை ஜெனரேட்டரின் புகை ஒருநாள் கூடத்துக்குள் திரும்பிவிட்டது. பதினொரு பேர் இறந்தார்கள். அதே மாதம் இரண்டு அரசுகளும் இன்னும் ஐயாயிரம் பேரை அனுப்புவதற்கு ஒப்பந்தம் போட இருந்தன. ஒப்பந்தம் கெடக் கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டது.

குடும்பங்களுக்குக் கடிதம் எழுதும் பொறுப்பு இவருக்கு வந்தது. எல்லாக் கடிதத்திலும் மாரடைப்பு என்றே காரணம் போட வேண்டும். ஆனால் பதினொரு குடும்பமும் ஒன்றையொன்று தேடிப்போய்விடக் கூடாது. அதனால் மூன்று வாரத்தில் வெவ்வேறு தேதி போட்டு, வெவ்வேறு வாசகத்தில் எழுத வேண்டும். எழுதினார். ஒன்றின் சாயல் இன்னொன்றில் இல்லை. அவ்வளவு அழகான பதினொரு பொய்களை நான் அதற்கு முன் படித்ததில்லை. நகல்களுக்குப் பக்க எண் போட்டுத் தனிக் கோப்பில் வைத்தவள் நான்தான், எனக்கும் அதில் பங்கு இருக்கிறது.

இறந்தவர்களில் ஒருவனுடைய அப்பா தச்சர். அவர் திங்கட்கிழமை தவறாமல் போன் செய்வார். "நெஞ்சுவலின்னு எழுதியிருக்கீங்க. அவனுக்கு இருபத்திரண்டு வயசுங்க" என்பார். விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்று இவர் சொல்வார். பதினேழாவது திங்கட்கிழமை அந்த மனிதர் எதுவும் கேட்கவில்லை. இத்தனை நாள் தொந்தரவு கொடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். போனைக் கையில் பிடித்தபடி இவர் உட்கார்ந்திருந்ததை நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன்.

மறுநாள் மத்தியானம் என் அறைக்கு வந்து, அந்தச் சாவுகளின் மருத்துவ அறிக்கை இருந்த கோப்பைக் கேட்டார். கோப்பு வாசிக்கும் யாரையும் தனியாக விட்டுப் போகக் கூடாது என்பது விதி. அவரை விட்டுவிட்டு நான் டீ குடிக்கப் போனேன். அவரைச் சந்தேகப்படுவது சுவரைச் சந்தேகப்படுவது மாதிரி. திரும்பி வந்தபோது கோப்பு கட்டியபடி மேசைமேல் இருந்தது. பதிவேட்டில் அவர் கையெழுத்தை வாங்க மறந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு செய்தித்தாளில் மருத்துவ அறிக்கை முழுசாக வந்தது. பதினொரு பேரும் புகையால் செத்தார்கள் என்று ஊருக்கே தெரிந்தது. அலுவலகம் அமளிதுமளிப்பட்டது. சாவி யாரிடம் என்றார்கள், பூட்டிடம் என்றார்கள். என்னை ஓர் அறையில் உட்கார வைத்து ஒன்பது நாள் கேள்வி கேட்டார்கள். அறையில் வேறு யாராவது இருந்தார்களா என்றார்கள். இல்லை என்றேன். அவரே வந்து சொல்வார் என்று நம்பினேன். இரண்டாம் நாள் வருவார், மூன்றாம் நாள் வருவார் என்று பார்த்தேன். நடைபாதையில் என்னைக் கடந்து போவார், வணக்கம் சொல்வார், போய்விடுவார். ஒன்பதாம் நாள் என்னைக் கைது செய்து ஊருக்கு அனுப்பும் உத்தரவு தட்டச்சாகிக்கொண்டிருந்தபோதுதான் அவர் தூதரின் அறைக்குள் போய், "நான்தான் கொடுத்தேன். அந்த அம்மாவுக்குத் தெரியாது" என்றார். அவர் வாயிலிருந்து அதுவரை சுற்றி வளைக்காமல் வந்த வாக்கியம் என்று எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அந்த ஒன்பது நாளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அவருக்கு வேலை போயிற்று. வழக்கு ஆறு வருடம் நடந்தது. சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை வைப்பதை நிறுத்தினார்கள். அவர் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இதையெல்லாம் அவர் எதிர்பார்த்திருந்தார். எதிர்பார்க்காதது வேறு.

நான் எண் போட்ட அந்தக் கோப்பில் ஏழு பக்கம் இருந்தது. செய்தித்தாளில் வந்தவை ஆறு. ஏழாம் பக்கம் உடல்களை வெளியே எடுத்தவர்கள் கொடுத்த வாக்குமூலம். மேற்பார்வையாளர் கூடத்தை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போயிருந்தார் என்பதும், உள்ளே இருந்தவர்கள் என்னென்ன செய்து பார்த்தார்கள் என்பதும் அதில் இருந்தது. இவர் அதைப் படித்திருக்கிறார். படித்துவிட்டு அதை மட்டும் நகல் எடுக்காமல் விட்டிருக்கிறார். "பெத்தவங்க அதைப் படிக்க வேண்டாம்னு நெனச்சேம்மா" என்று பின்னால் என்னிடம் சொன்னார். அரசாங்கத்தைக் காட்டிக்கொடுக்கிற காகிதத்திலும் மனிதர் முள் எடுத்திருக்கிறார்.

சாவுகளைப் பற்றிய விசாரணைக் குழு கூடியபோது சுரங்கப்பாதைக் கம்பெனிக்காரர்கள் கதவு பூட்டியே இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டார்கள் என்றார்கள். இன்னொரு பக்கம் இருக்கிறது என்று இவர் சொன்னார். எங்கே என்று கேட்டார்கள். கோப்பு அதற்குள் மேலிடம் போய்த் திரும்பி வந்திருந்தது, ஆறு பக்கத்தோடு. ஆறு பக்கம் சரியாக இருக்கிறது என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். விதியை மீறியதற்காக நிறுத்தி வைத்திருந்த என் வேலை அப்போதுதான் திரும்பக் கிடைத்திருந்தது. போட்டேன். விபத்து என்று தீர்ப்பாயிற்று. பூட்டியவன் வீட்டுக்குப் போனான்.

நான் ஓய்வு பெற்றபின் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போவேன். சைக்கிள் கடைக்கு மேலே மூன்றாம் மாடி, இரண்டு அறை. பதினொரு குடும்பத்துக்கும் தன் கையால் இரண்டாவது கடிதம் எழுதியிருந்தார்: முன்பு நான் எழுதியது பொய், உங்கள் மகன் புகையால் இறந்தான், அவமானத்தோடு சொல்கிறேன் என்று. விலாசங்களை நான்தான் ரகசியமாக எடுத்துக் கொடுத்தேன். கதவைப் பற்றி அந்தக் கடிதத்திலும் ஒரு சொல் இல்லை.

பத்துக் கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. பதினோராவதற்குத் தச்சரே வந்தார். மூச்சு வாங்க மாடி ஏறி, இரண்டு கடிதத்தையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இவர் மனைவி தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, முதலில் சுற்றிப் பார்த்துக் கதவு நன்றாக இருக்கிறது, நல்ல மரம் என்றார். பிறகு கேட்டார்.

"சார், அந்தக் கூடத்துக் கதவு எப்படிப்பட்டதுங்க? என் பையன் எங்கிட்ட ஆறு வருஷம் வேலை பாத்தவன். உள்ளேருந்து தெறக்கற கதவா இருந்தா அவன் செத்திருக்க மாட்டான்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். பார்ப்போம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன், சொல்லட்டும் என்றும் ஒரு மனசு ஆசைப்பட்டது.

"வெளியில பூட்டியிருந்தாங்க" என்றார்.

"கீலைக் கழட்டப் பாத்தாங்களா?"

இவர் மேசைமேல் இருந்த தன் கடிதங்களைப் பார்த்தபடி சொன்னார். "மூணு கீல் இருந்துச்சு. ரெண்டைக் கழட்டியிருந்தாங்க. கரண்டிக் காம்பாலே திருகி எடுத்திருக்காங்கன்னு எழுதியிருந்தது. மூணாவதுல பாதி."

தச்சர் தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வழிந்தது, துடைக்கவில்லை. "அது அவன்தாங்க. மத்தவங்க இடிச்சிருப்பாங்க, உதைச்சிருப்பாங்க. கீல்ல கை வைக்கணும்னு அவனுக்குத்தான் தெரியும். தூக்கத்துல போயிட்டான்னு சொன்னாங்க, நான் நம்பலை. அவ்வளவு சுலபமா விடறவன் இல்ல."

தச்சர் கடிதங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கோபமே இல்லாமல், நிஜமாகவே புரியாதவர் கேட்பதுபோல் கேட்டார்.

"இதை ஏன் சார் இத்தனை வருஷம் எங்கிட்ட சொல்லலை? என் பையனோட கடைசி வேலைங்க அது."

இவர் எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். ஆறு பக்கம் என்று கையெழுத்துப் போட்ட நானும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தச்சர் இரண்டு பேருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் படி இறங்கிப் போனார்.