பாஸ் போட்டு டி.சி.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் வேலையை எனக்குக் கொடுத்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. எண்பதுகளின் கடைசி. பி.எட். முடித்த சூடு இன்னும் ஆறவில்லை. பம்மலில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். கீழே மூன்று அறை, மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட நான்கு அறை. காற்று திரும்பினால் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் பீர்க்கன்கரணையிலிருந்து வருவேன். பெருங்களத்தூரில் ரயிலேறி, பல்லாவரத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ். பள்ளிக்கூடம் வந்து சேர்வதற்குள் யார் மீதாவது கோபம் வந்திருக்கும். அதை நான் கண்டிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் அதுவரை விளையாட்டுக்கு இருந்தது. அதைப் பிடுங்கி எதிர்கால வகுப்பு என்று பெயர் வைத்து என்னிடம் தந்தார்கள். நானே ஒரு தாள் தயாரித்தேன். ஸ்டென்சில் வெட்டி, மை உருட்டி, ஆளுக்கு ஒன்று. மேலிருந்து கீழாக ஐந்து கேள்வி. என்ன ஆகப் போகிறாய்? அதற்குக் காலேஜில் என்ன படிக்க வேண்டும்? அதற்குப் பிளஸ் டூவில் எந்த குரூப்? அந்த குரூப் கிடைக்கப் பத்தாவதில் எவ்வளவு மார்க் வேண்டும்? கடைசியாக, இப்போது உனக்கு என்ன தடை? பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை தன் பட்டமளிப்பு வரைக்கும் ஒரே பக்கத்தில் பார்த்துவிடலாம். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. பயப்படாமல் உண்மையை எழுதுங்கள், ஒருத்தருக்கும் காட்டமாட்டேன் என்று சொன்னேன்.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். பாதிப் பேர் டாக்டர், மீதிப் பேர் பொத்தேரிப் பக்கம் காலேஜ் போய் இன்ஜினியர். தடை என்ற இடத்தில் டி.வி., கரண்ட் கட், விளையாட்டுப் புத்தி என்று எனக்குப் பிடித்த மாதிரி எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும் பஸ் கண்டக்டர் என்று எழுதியிருந்தான். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவனை எழுந்து நிற்கச் சொல்லி, வாசிக்க வைத்து, வகுப்போடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். எண்ணெய் வழிய ரெட்டைச் சடை, எதைக் கேட்டாலும் எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள். அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் வேலை, அம்மாவுக்கு ஷூவின் மேல்பாகம் தைக்கும் கம்பெனியில். அவள் கணக்கு டீச்சர் ஆக வேண்டும் என்று எழுதியிருந்தாள். பி.எஸ்ஸி. கணக்கு, முதல் குரூப், பத்தாவதில் எண்பது. எல்லாம் சரி. தடை என்ற இடத்தில் தட்டுத்தடுமாறிய இங்கிலீஷில் மூன்று வரி. ஆறாவதிலிருந்து கணக்கு புரியவில்லை. மிஸ்ஸிடம் கேட்கப் பயம். கேட்டால் எல்லோரையும் சிரிக்க வைப்பார்கள்.

அதைப் பஸ்ஸில் வைத்துப் படித்தேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கண்டக்டர் பையனை நிற்க வைத்ததைத்தான் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தது. வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது வன்மம். பதின்மூன்று வயதுப் பெண் மேல் வன்மம் வருமா என்று கேட்பவர்கள் வாத்தியார் வேலை பார்க்காதவர்கள்.

முழுப் பரீட்சை முடிந்ததும் தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார். அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பத்தாவதில் நூற்றுக்கு நூறு பாஸ் என்று கேட்டில் துணி கட்ட வேண்டும் என்றால் எட்டாவதிலேயே வடிகட்ட ஆரம்பித்துவிட வேண்டும். பெயில் போட்டால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். பாஸ் போட்டு டி.சி.யைக் கையில் கொடுத்தால் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த வருடம் ஐந்து பேரை அனுப்ப வேண்டியிருந்தது. நான்கு பேர் முடிவாகிவிட்டார்கள். ஐந்தாவது இடத்துக்கு இரண்டு பெண்கள். இரண்டு பேருக்கும் கணக்கில் முப்பத்தெட்டு.

"நீதானேம்மா எதிர்கால வகுப்பு எடுக்கறே. இதுல யாரு தேறுவான்னு நீயே சொல்லு" என்றார்.

ஒருத்தி தன் தாளில் தடை ஒன்றுமில்லை என்று எழுதி, ஓரத்தில் எனக்காக ஒரு ரோஜாப்பூ வரைந்திருந்தாள். இன்னொருத்தி என்னைப் பற்றி எழுதியவள். யார் தேறுவார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது மேடம் என்று சொல்லியிருக்கலாம். இவளுக்கு வீட்டில் சொல்லித்தர ஆளில்லை, வாயும் கிடையாது, தேறமாட்டாள் என்று சொன்னேன். அரை நிமிஷம் ஆகியிருக்காது.

மறுநாள் அவள் அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு மகளோடு வந்தாள். நான் உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள்.

"பாஸ் தான கீது மிஸ்? அப்பால ஏன் டி.சி.?"

"பாஸ்தாம்மா. ஆனா ஒன்பதாவது இங்க ரொம்பக் கஷ்டம். கவர்மென்ட் ஸ்கூல்ல தமிழ்லயே படிச்சா அவளுக்கு ஈசியா இருக்கும். அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் நம்பாத மாதிரி இருந்தது. உடனே அந்தத் தாளை எடுத்தேன். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் படித்துக் காட்டினேன். உங்கள் மகளே எழுதியிருக்கிறாள் பாருங்கள், ஆறாவதிலிருந்தே புரியவில்லையாம் என்றேன். பயம் என்ற வரியையும் அதற்கடுத்ததையும் மட்டும் விட்டுவிட்டேன். அந்தப் பெண் அப்போதுதான் முதல் தடவையாகத் தரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள். அம்மா அவள் பக்கம் திரும்பி, மூணு வருஷமா எங்களை ஏமாத்திக்கினு இருந்தியா என்று கேட்டாள்.

பள்ளி யாரையும் வெளியே அனுப்புவதில்லை, பெற்றோரே கேட்டு வாங்கிப் போகிறார்கள் என்று காகிதத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு விண்ணப்பம். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும் என்பதால் மகளையே எழுதச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். நாங்கள் வீடு மாற்றிப் போவதால் என்ற இடத்தில் பேனா நின்றது.

"மிஸ், நாங்க வீடு மாத்தலியே."

"எழுது" என்றேன்.

எழுதினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்து மை கலைந்துவிட்டது. ஆபீஸில் வாங்கமாட்டார்கள் என்று அந்தத் தாளைக் கிழித்துப் போட்டு, வேறு தாள் கொடுத்து, முதலிலிருந்து எழுத வைத்தேன். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்கு நன்றி சொன்னாள். படியிறங்கும்போது மகளைத் திட்டிக்கொண்டே போனது மாடி வரைக்கும் கேட்டது.

ரோஜாப்பூ வரைந்தவளைப் பள்ளி விட்ட பிறகு தினமும் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். பாசமெல்லாம் இல்லை. நான் சொன்னது சரி என்று காட்ட வேண்டியிருந்தது. இரண்டு வருடம் கழித்துப் பத்தாவதில் அவள் கணக்கில் எழுபத்திரண்டு வாங்கினாள். கேட்டில் துணி கட்டினார்கள். தலைமையாசிரியை என் கணிப்பைப் பாராட்டினார். எனக்குப் பத்தாம் வகுப்பைக் கொடுத்தார்கள். அந்த எழுபத்திரண்டைப் பார்த்தபோதுதான் முப்பத்தெட்டிலிருந்து அவ்வளவு தூரம் வர முடியும் என்று எனக்கு உறைத்தது. சாயங்காலம் முக்கால் மணி நேரம் போதுமாயிருந்தது.

அந்த ஜூன் மாதமே பம்மல் பஸ் ஸ்டாப்பில் அந்த அம்மாவைப் பார்த்தேன். இரண்டு பெண்களோடு நின்றிருந்தாள். பெரியவள் உயரமாக வளர்ந்திருந்தாள், விரல்களில் பசை காய்ந்து தோலுரிந்திருந்தது. கவர்மென்ட் ஸ்கூலில் எல்லாக் கணக்கும் தமிழில் இருந்ததாம், புரியவில்லையாம், ஒன்பதாவதிலேயே ஒரு தடவை பெயிலாகி, இரண்டாவது தடவை பாதியில் நின்று, அம்மாவின் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம். அம்மாவுக்கு அதில் யார் மேலும் கோபமில்லை. சின்னவளை எங்கள் பள்ளியில் ஆறாவது சேர்க்க வந்திருந்தாள்.

"அன்னிக்கு நீங்க ஒருத்தர்தான் மிஸ் உண்மைய சொன்னீங்கோ. இவ நல்லா படிப்பா. டிகிரி வரிக்கும் படிக்கணும்னு கீது. உங்க கிளாஸ்லயே போட்டுக்கங்க."

பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெரியவள் பேசினாள். என்னைப் பார்க்கவில்லை. நான் அங்கே நிற்கிறேன் என்பதையே கணக்கில் எடுக்காத மாதிரி, சாதாரணக் குரலில் அம்மாவிடம் சொன்னாள்.

"இவங்க கிளாஸ்ல மட்டும் போடாதம்மா."

அம்மா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஸ்டாப்பில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சின்னவள் அக்காவின் தாவணியைப் பிடித்துக்கொண்டாள். டீச்சரை எதிர்த்துப் பேசுகிறாயா, மன்னிப்புக் கேள் என்றாள் அம்மா. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, சாரி மிஸ் என்றாள்.

நான் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.