பெண்கள் பக்கத்து வழி

தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிற அடுகோடிப் பேட்டையில் ஒரு டென்ட் கொட்டகை இருந்தது. இரண்டு வருடம், வாரத்துக்கு ஆறு நாள், சாயங்கால ஆட்டத்துக்கு அங்கே போயிருக்கிறேன். ஆனால் ஒரு படத்தைக்கூட நான் பார்த்ததில்லை. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனங்களைப் பார்த்து நிற்பதுதான் எனக்கு இடப்பட்ட வேலை.

அப்போது நான் முனிசிபாலிட்டியின் நெருப்பு இஞ்சின் ஆபீசில் இருந்தேன். பேசும் படம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். அந்தக் காலத்துப் படச்சுருள் ஒரு பீடி நெருப்புக்கே குப்பென்று பற்றிக்கொள்ளும். அதனால் கொட்டகை நடத்த லைசென்ஸ் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எங்கள் ஆபீசர் வந்து எல்லாவற்றையும் பார்த்தால்தான் அது புதுப்பிக்கப்படும். நடுவில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எங்கள் ஆள் ஒருவன் அங்கே காவல் நிற்க வேண்டும். வாயைத் திறக்காமல் நிற்கக்கூடியவன் என்று என்னை அனுப்பினார்கள்.

திரையைப் பார்க்காவிட்டாலும் எனக்குப் படம் தெரிந்தது. முன்னால் மணலில் உட்கார்ந்திருக்கும் ஒர்க்‌ஷாப் ஆட்கள் வாயைப் பிளந்தால் சண்டை வரப்போகிறது. பெண்கள் பக்கத்தில் முந்தானை மூக்குக்குப் போனால் கதாநாயகிக்குக் கஷ்டகாலம். அந்த முகங்களில் வெளிச்சம் விழுந்து விழுந்து மறைவதை இப்போது நினைத்தாலும் வேர்க்கடலை வாசனை வருகிறது.

ஆட்டத்துக்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் டிக் போட வேண்டும். மணல் வாளிகள், தண்ணீர்ப் பீப்பாய்கள், படம் ஓட்டும் தகர அறையின் கதவு, வெளியே போகும் வழிகள் நான்கு. நான் நாலாவது வரைதான் படித்தவன். ஆனாலும் டிக் போட அது போதும். வழிகளைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு வழியாகவும் நாமே நடந்து வெளியே போய்த் திரும்ப வேண்டும் என்பது ஆபீசரின் கண்டிப்பான உத்தரவு.

மூன்று வழிகளில் நான் நடந்தேன். நான்காவது பெண்கள் பக்கத்தில் இருந்தது. கழுத்தளவு மண் சுவர் ஒன்று கொட்டகையை இரண்டாகப் பிரித்தது. ஒரு மணி நேரம் முன்பே அந்தப் பக்கம் நிறைந்துவிடும். குழந்தைகள், சோற்றுத் தூக்குகள், நீட்டிய கால்கள், சிரிப்பு. அவ்வளவு பேருக்கு நடுவில் காக்கி நிஜாரோடு நடந்து போக என்னால் முடியவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்ப்பேன். டிக்கெட் வாசலுக்கு எதிர்க் கோடியில் சாக்குத் திரை தொங்கும். தொங்குகிறது அல்லவா என்று டிக் போட்டுவிடுவேன்.

பெண்கள் பக்கத்தில் டிக்கெட் கிழித்தவள் பக்கத்து ஈஜிபுராவில் குடியிருந்த ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். மடியில் பாக்குவெட்டியும் வாயில் எப்போதும் ஒரு பேச்சும் வைத்திருப்பாள். என்னைக் கண்டால், "வந்துட்டாருடி, சொவத்துக்கு மேல தலையை மட்டும் காட்டுற சாமி. கும்புட்டுக்கோங்க" என்பாள். நான் காது சிவந்து நகர்ந்துவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் தகர அறையில் சுருள் அறுந்து பற்றிக்கொண்டது. உள்ளே இருந்தவர் ஈரச் சாக்கைப் போட்டு உடனே அமுக்கிவிட்டார். நான் மணல் வாளியோடு ஓடிச் சேருவதற்குள் நெருப்பு இல்லை, புகைதான் இருந்தது. ஆனால் அந்தப் புகையைக் கண்டு யாரோ கத்தினார்கள். பெண்கள் எல்லாரும் எழுந்து சாக்குத் திரையைப் பார்த்து ஓடினார்கள்.

திரை விலகவில்லை. சணல் கயிற்றால் இரண்டு பக்கமும் மூங்கிலோடு சேர்த்துத் தைத்திருந்தது.

முன்னால் போனவர்கள் சாக்கில் முகம் அழுந்த நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள். டிக்கெட் கிழிப்பவள் சுவரோரமாகப் புகுந்து போய், பாக்குவெட்டியால் சணலை ஒவ்வொரு தையலாக நறுக்கினாள். சாக்கு விழுந்தது. பத்துப் பதினைந்து பேர் ஒருவர் மேல் ஒருவராக வெளியே போய் விழுந்தார்கள். ஒரு சின்னப் பெண்ணுக்குக் கை பிசகியது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று எழுத இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எல்லாரும் போன பிறகு அவள் நேராக என்னிடம் வந்தாள். கேலி இல்லை, சிரிப்பு இல்லை. "ரெண்டு மாசமா தைச்சே கெடக்குது. தெனம் நோட்டுல இன்னாத்தப் பாத்துபா டிக் போட்டே?" என்றாள்.

கொட்டகைக்காரர் முன்பு ஜட்கா வண்டிகள் வைத்திருந்தவர். என்னைவிடப் பெரியவர், இருந்தாலும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். ஆட்டத்துக்கு முன்னால் டீ வரவழைத்துக் கொடுப்பார். அன்று அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"டிக்கெட் இல்லாம சாக்கைத் தூக்கிட்டு உள்ள பூந்துடறானுங்கணா. அந்தப் பேஜாருக்குத்தான் தைச்சேன். வியாழக்கெழமை ஆபீசர் வராரு. அதுக்குள்ள எல்லாம் சரி பண்ணிடறேன். நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க. லைசென்ஸ் போச்சுன்னா பன்னெண்டு குடும்பம் ரோட்டுக்கு வந்துடும்."

அவர் சொன்னபடியே செய்தார். வியாழக்கிழமை நான்கு மணிக்கு ஆபீசர் வந்தபோது புதுச் சாக்கு வளையத்தில் தொங்கியது. மணலைச் சலித்து வாளிகளில் நிரப்பியிருந்தார்கள்.

ஆபீசர் சட்டைக்காரர், ஆங்கிலோ இந்தியர். தமிழ் நன்றாகப் பேசுவார். சோதனையில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கொட்டகையின் நடுவில் நின்று கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொள்வார். மூன்று தடவை அவரைச் சுற்றிவிட வேண்டும். பிறகு தடவித் தடவியே வெளியே போவார். புகையில் கண் இருந்தும் இல்லாத மாதிரிதான் என்பார். அன்று அவர் பெண்கள் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். கையை நீட்டிக்கொண்டு போய்ச் சாக்கைத் தொட்டார், விலக்கினார், வெளியே வெயிலில் நின்று கைக்குட்டையை அவிழ்த்தார். "குட்" என்றார்.

கொட்டகைக்காரர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஆபீசர் பேனாவைத் திறந்தார்.

நான் பேச வேண்டும் என்று மூன்று நாளாக மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சுக்குப் பதில் நோட்டுப் புத்தகத்தை மேஜை மேல் வைத்து விரித்தேன். காதில் இருந்த பென்சிலை எடுத்து, நான்காவது வழிக்கு நேரே இருந்த டிக்குகளை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தேன். ஒரு பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். ஆபீசர் பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"என்ன மேன் பண்றே?"

"அந்த வழியில நான் நடக்கலே சார். தைச்சிருந்தது எனக்குத் தெரியாது."

"எத்தனை நாள் நடக்கலே?"

"ஒரு நாளும் நடக்கலே சார்."

"ஏன்?"

"லேடீஸ் இருந்தாங்க சார்."

டிக்கெட் கிழிப்பவள் மட்டும் மண் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள் என்று நினைக்கிறேன், முந்தானை மூக்குக்குப் போயிருந்தது.

ஆபீசர் பேனாவை மூடினார். சாக்கு கூடாது, மரச் சட்டத்தில் கதவு வேண்டும், அது வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் இருக்கக் கூடாது, அதுவரை ஆட்டம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவர் மறுநாள் ஸ்டோரிலிருந்து பழைய கை வண்டியின் பித்தளை மணியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "லேடீஸ் நடுவில போகும்போது இதை அடி. சும்னே ஓரமா நிக்காதே" என்றார்.

கதவு வந்து மறுபடி ஆட்டம் தொடங்க இருபது நாள் ஆயிற்று. அந்த இருபது நாளும் அந்தப் பன்னிரண்டு குடும்பங்களை நினைத்துக்கொண்டே படுத்தேன். கொட்டகைக்காரர் ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை, டீயும் வரவில்லை. ஒரு மழை நாளில் தானாகவே ஒரு கிளாஸ் வந்தது. அதற்குப் பிறகு நிற்கவில்லை.

தினமும் மணியை அடித்துக்கொண்டு பெண்கள் நடுவில் நடந்தேன். "மணிக்காரர் வராரு, பேகா, சீக்கிரம் காலை மடக்குங்கடி" என்று அவள் குரல் கொடுப்பாள். யாராவது ஒருத்தி, "பூஜை ஆச்சா சாமி, பிரசாதம் எங்கே?" என்பாள். முதல் ஒரு மாதம் தரையைப் பார்த்தே நடந்தேன். பிறகு கதவைப் பார்த்து நடக்கப் பழகிக்கொண்டேன்.

யுத்தம் தொடங்கின பிறகு கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். மூங்கிலும் கித்தானும் எங்கெங்கோ போயின. அந்தக் கதவை மட்டும் அவள் கேட்டு வாங்கி ஈஜிபுராவில் தன் வீட்டுக்கு மாட்டிக்கொண்டாள். இன்னமும் அது வெளிப்பக்கமாகத்தான் திறக்கிறது. தெரியாமல் முன்னால் நிற்பவர்களின் நெற்றியில் இடிக்கிறது. அந்தத் தெரு வழியாகப் போகும்போது நான் தலையைக் குனிந்து வேகமாகத்தான் போகிறேன். ஆனாலும் அவள் கண்டுபிடித்துவிடுகிறாள்.

"இன்னாபா, அப்படியே போறே? வந்து நடந்து பாத்துட்டு டிக் போட்டுட்டுப் போ."

நான் போய்க் கதவைத் திறந்து ஒரு தடவை உள்ளே போகிறேன். பிறகு அதே வழியாக வெளியே வருகிறேன்.